மழையில் நனையாத படம்

மருமகள் மாமியாரை அறையக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்குவதற்குள் படம் பட்டென்று போய், திரை முழுக்க நீலமாகி, நடுவில் ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து வந்து உட்கார்ந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

“போச்சா?” என்றாள் ஆவுடைத்தாய். சாரல் அடிக்கிறதென்று டி.வி.க்குப் பக்கத்துச் சன்னலை அடைக்கப் போனவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் திரும்பினாள்.

“போச்சு,” என்றார் ராஜபாண்டியன். “ஐப்பசி பொறந்ததுல இருந்து இது ஏழாவது தடவை. அடிச்சாளா இல்லையான்னே தெரியலயே.”

“அடிச்சா அடிச்சிட்டுப் போறா, விடுங்க. மழைக்கு ரெண்டு பணியாரம் சுடவா? அடுப்படிக்கு வந்து உக்காருங்களேன்.”

“நீ சுடு. நான் அந்த டிஷ்ஷை என்னன்னு பாத்துட்டு வாரேன்.”

“கொட்டுற மழையிலயா?”

“மழையிலதான போவுது? மழையிலதான் பாக்கணும்.”

கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். ஆவுடைத்தாய் படிக்குக் கீழே நின்று ஒரு பெருமூச்சு விட்டாள். அது அவர் காதில் நன்றாக விழுந்தது. பாவம், சீரியல் போய்விட்டதே என்று எவ்வளவு வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டே மேலே போய் முழங்கால் வரை நனைந்தார்.

ராஜபாண்டியன் ஆமத்தூர்க்காரர். சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தோரு வருசம் போர்மேனாக இருந்து போன சித்திரையில் ஓய்வு பெற்றவர். அவர் பார்வையில் இருந்த செட்டுகளில், அதாவது மருந்து வேலை நடக்கும் கொட்டகைகளில், ஒரு நாளும் ஒரு விபத்து நடந்ததில்லை. வெடிமருந்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு மனைவியின் முகத்தைப் பார்த்து மனசைச் சொல்வதா பெரிய காரியம்? சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். சொன்னது சரியா என்று அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வேலையில் இருந்த காலத்தில் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது சோறு தட்டில் போட்டு மூடியிருக்கும். சீசன் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. மகள் பிரீத்திகா எப்போது தவழ்ந்தாள், எப்போது நடந்தாள் என்பதெல்லாம் அவருக்குப் பிறர் சொல்லிக் கேட்ட கதைதான். மழை நாளில் மட்டும் கம்பெனி ஓடாது. மருந்து காயாது, காயப்போட்ட சரக்கை அள்ளி உள்ளே போட்டுவிட்டு செட்டுகளை அடைத்துவிடுவார்கள். காலை பத்து மணிக்கெல்லாம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து, அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, “எம்புட்டு லோடு நின்னு போச்சு தெரியுமா?” என்று பணியாரம் தின்றுகொண்டே சாயங்காலம் வரை ஆவுடைத்தாயிடம் புலம்புவார். மழை நாள் என்றால் அவருக்கு இப்போதும் நின்று போன லோடுதான் ஞாபகம் வரும்.

ஓய்வு பெற்ற அன்று சால்வையும் மாலையுமாக அவரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவர் மனசுக்குள் ஒரு சபதம் எடுத்தார். இத்தனை வருசம் இவளைத் தனியாக விட்டாயிற்று, இனி இவள் ஆசைப்பட்ட ஒன்றையாவது குறையில்லாமல் வைத்துக்கொடுக்க வேண்டும் என்று. எதை ஆசைப்பட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாயங்காலமானால் அவள் டி.வி. முன்னால் உட்காருகிறாள், ஆகவே டி.வி.தான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி. வாங்கினார். மாடியில் டிஷ் மாட்டினார். தினமும் ஆறு மணிக்குக் குளித்துத் துண்டைப் போட்டுக்கொண்டு, அவளுக்குத் துணையாகப் பத்து மணி வரை உட்கார்ந்தார். சீரியல் என்றால் அவருக்கு வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி. ஆனாலும் அவளுக்காகக் குடித்தார்.

பேச்சு என்று எடுத்தால் ‘மாத்திரை போட்டாச்சா’, ‘போட்டாச்சு’, அவ்வளவுதான். ஒரு நாள் விளம்பர நேரத்தில், “அந்தப் பச்சைச் சேலை யாரு, மூத்தவளா?” என்று கேட்டார்.

“எந்தப் பச்சைச் சேலை?” என்றாள் ஆவுடைத்தாய்.

ஆறு மாதமாக அவள் பார்த்துவருகிற கதை அது. கண் சரியில்லை போலிருக்கிறது, விருதுநகரில் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஊர்க்காவலனை வரவழைத்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மிக்சி, பேன், டிஷ் என்று எல்லாவற்றையும் பழுதுபார்க்கும் கடை அவனுடையது. அவன் வந்த நேரம் பார்த்து வானம் வெளுத்து வெயில் அடித்தது. படம் துடைத்து வைத்தாற்போல் தெளிவாக ஓடியது.

“நல்லாத்தான ஓடுது, அண்ணாச்சி?”

“மழையில போவுதுலே. வெயில்ல ஓடி என்ன செய்ய?”

“போறப்ப கட்டம் கட்டமா உடைஞ்சு போவுதா, பட்டுன்னு போவுதா?”

“பட்டுன்னு.”

ஊர்க்காவலன் தாடையைச் சொறிந்தான். மாடிக்குப் போய் டிஷ்ஷைத் தட்டிப் பார்த்தான். கீழே வந்து டி.வி.க்குப் பின்னால் தலையை விட்டு வெகுநேரம் எதையோ பார்த்தான்.

“அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க, டிஷ்ல ஒண்ணும்…”

“தம்பி, காபி ஆறுது!” என்று அடுப்படியிலிருந்து ஆவுடைத்தாய் கூப்பிட்டாள். “இங்கன வந்து குடிச்சிட்டுப் போங்க.”

ஒரு தம்ளர் காபி குடிக்க ஊர்க்காவலனுக்குப் பத்து நிமிசம் ஆனது. திரும்பி வந்தவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“டிஷ்ல ஒண்ணும் செய்ய முடியாது, அண்ணாச்சி. வானத்துல இருந்து வாரது, மழையில நனைஞ்சிரும். ஆன்டெனாதான் ஒரே வழி.”

“ஆன்டெனாவா? அது அந்தக் காலத்துச் சங்கதில்லா?”

“அதேதான். கொடைக்கானல் டவர்ல இருந்து தரையோட தரையா வாரது, நனையாது. மதினி பாக்குற ஏழரை மணி சீரியல் கவர்மெண்ட் சேனல்தான? டிஷ்லயும் வரும், ஆன்டெனாலயும் வரும். ரெண்டு வயரையும் சொருகுற மாதிரி ஒரு பெட்டி இருக்கு. மழைக்கு டிஷ் போச்சுன்னா ரிமோட்டுல ஒரு பட்டனைத் தட்டுங்க, ஆன்டெனாவுக்கு மாறிக்கிடும்.”

ராஜபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மழையில் நனையாத படம்! முப்பத்தோரு வருசம் மழைக்குத் தோற்ற மனிதருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது.

“எம்புட்டு நாள்ல முடிப்ப?”

“எப்படியும் ஒரு வாரம், பத்து நாள் ஆவும்,” என்றான் ஊர்க்காவலன், அடுப்படியைப் பார்த்துக்கொண்டே.

இரண்டு நாள் கழித்துப் புதுப் பெட்டி வந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஆறடிக் குழாயை நட்டு ஆன்டெனாவைக் கட்டினார்கள். ஊர்க்காவலன் கட்டிவிட்டு, “திருப்பித் திருப்பி நீங்களே பாத்து வைங்க, எனக்கு ஒரு கிரைண்டர் வேலை கெடக்கு,” என்று நழுவிவிட்டான். ராஜபாண்டியன் மேலே குழாயைத் திருப்ப, ஆவுடைத்தாய் கீழே டி.வி. முன்னால் நின்றாள்.

“வருதா?”

“வருது, வருது… போச்சு!”

“இப்ப?”

“யாரோ நிக்கிற மாதிரி இருக்கு!”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“மீசை தெரியுது!”

“அப்ப செய்தியா இருக்கும்! கொஞ்சம் இருட்டா இருக்கா?”

“மீசையா? மீசை கருகருன்னு இருக்கு. ஒங்கள மாதிரி இல்ல!”

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டுப் புருசனும் பொஞ்சாதியும் இப்படி வாய் ஓயாமல் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. பொழுது சாயும் வரைக்கும் திருப்பினார்கள். கொடைக்கானல் வடக்கே இருக்கிறது என்று அவரும், இல்லை கொஞ்சம் மேற்கே தள்ளி இருக்கிறது என்று அவளும் சாதித்து, கடைசியில் அவள் சொன்ன பக்கம்தான் படம் வந்தது.

அடுத்த மழை வந்தது. ஏழரை மணிக்குச் சீரியல் தொடங்கி, ஆவுடைத்தாய் சன்னலை அடைத்துவிட்டு வந்த கையோடு டிஷ் போனது. ராஜபாண்டியன் கொஞ்சமும் அசரவில்லை. ரிமோட்டை எடுத்து, வெடிக்குத் திரி கிள்ளுகிற பக்குவத்தோடு பட்டனை அமுக்கினார். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தது, ஆனாலும் மருமகள் தெரிந்தாள்.

“எப்படி?” என்றார்.

ஆவுடைத்தாயின் முகம் தொங்கிப்போயிருந்தது.

“என்ன, சந்தோசமில்லையா?”

“சந்தோசந்தான்,” என்றாள். பத்து நிமிசம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, “சன்னல் கொண்டி சரியா விழல போல,” என்று எழுந்து போனாள். அவள் கொண்டியைப் போட்டுத் திரும்புவதற்குள் ஆன்டெனாப் படமும் பட்டென்று போய்விட்டது.

“பணியாரம் சுடவா?” என்றாள்.

“இப்ப பணியாரமா முக்கியம்?” என்று ராஜபாண்டியன் போனை எடுத்தார்.

ஊர்க்காவலன் மறுநாள் வந்து, மறுபடி பத்து நிமிசம் காபி குடித்தான். “ஒசரம் பத்தல, அண்ணாச்சி. இடையில மலை மறைக்கும்லா? இருபத்தஞ்சடிக் குழாய் நட்டாத்தான் சரிப்படும்,” என்றான்.

இருபத்தைந்தடி என்று கேட்டதும் ராஜபாண்டியனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த போர்மேன் விழித்துக்கொண்டார். மழையைவிட இடி அதிகமாக விழுகிற பூமி இது. அவர் வாழ்க்கையில் பயந்தது இடி ஒன்றுக்குத்தான். வானம் உறுமினாலே செட்டுகளில் இருக்கும் அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, கடைசி ஆளாகத்தான் அவர் வெளியேறுவார். அப்படிப்பட்டவர் தன் வீட்டுத் தலையிலேயே இரும்புக் கம்பத்தைச் சும்மா நட்டுவைப்பாரா?

“நட்டா முறைப்படி நடணும். உச்சியில இடிதாங்கி, அதுக்குக் கீழ ஆன்டெனா. செம்புப் பட்டையைச் சுவரோரமா வளையாம இறக்கி, குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் குடுத்திரணும்.”

“ஒரு டி.வி.க்கா அண்ணாச்சி?”

“இரும்பு இரும்புதான்லே.”

இது நாலு நாள் வேலையானது. ஆவுடைத்தாய் அளவு நாடாவைப் பிடித்தாள், குழிக்குத் தண்ணீர் சுமந்தாள், அடுக்கடுக்காகக் கரியும் உப்பும் கொட்டினாள். கை வேலை செய்ததைவிட வாய் கேள்வி கேட்டது அதிகம். பட்டை ஏன் வளையக் கூடாது, கரி எதற்கு, உப்பு எதற்கு, இடி கீழே வந்து எங்கே போகும். ராஜபாண்டியன் சுவரில் சாக்கட்டியால் படம் போட்டு விளக்கினார். பட்டணத்துப் பொறியியல் கல்லூரியில்கூட அவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தர மாட்டார்கள்.

குழியோரத்தில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தபோது, இருபது வருசத்துக்கு முன்னால் கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கம் புளியமரத்தில் இடி விழுந்ததைச் சொன்னார். நாற்பது பெண்களையும் கிளப்பிவிட்டுத் தான் மட்டும் செட்டுக்குள் நின்றதைச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கால் நடுங்கியதையும் சொன்னார்.

ஆவுடைத்தாய் வாயில் வைத்த பணியாரத்தை மெல்லாமல் கேட்டாள். “இத ஏன் இம்புட்டு நாளா சொல்லல?”

“நீ கேக்கலயே.”

“நீங்க எங்க இருந்தீக, நான் கேக்க?”

அவளுடைய கை முழுக்கக் கரியாக இருந்தது. தன் துண்டை நனைத்து அதைத் துடைத்துவிட்டார். அப்படிச் செய்தது இருவருக்குமே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டில் இருந்தவர் கனகசபாபதி. காலண்டர் வியாபாரத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதையே முழுநேரத் தொழிலாக வைத்திருந்தார். முதலில் ஆன்டெனாவைத் திருப்பிய அன்றைக்கு அவர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார்; இப்போதோ அவர் வீட்டு வேப்பமரக் கிளைகள் ஆன்டெனாவை மறைத்துவிட்டன. அவர் கண்ணுக்குத் தெரிந்தது உச்சியில் மின்னிய இடிதாங்கியும், சுவரில் இறங்கிய செம்புப் பட்டையும்தான். வேறு ஊரில் வீட்டுமேல் இடிதாங்கி இருந்தால் வசதியான குடும்பம் என்பார்கள். இந்தப் பக்கத்தில் அப்படி இல்லை. வீட்டுக்கு இடிதாங்கி எதற்கு, உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கரி மூட்டை ஒன்று உள்ளே போனது. கனகசபாபதி நாற்காலியில் நிமிர்ந்தார். பட்டாசு மருந்துக்குக் கரி வேண்டும் என்று இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பின்னாலேயே உப்பு மூட்டை மூன்று போனது. அது சமையல் உப்போ, மருந்தில் சேர்க்கிற வெடியுப்போ என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். போதாக்குறைக்கு அந்த வீட்டு ஆள் முப்பத்தோரு வருசம் பட்டாசுக் கம்பெனிப் போர்மேன்.

அன்று சாயங்காலம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். “என்ன ராஜபாண்டி, ரிட்டையர் ஆகியும் கை சும்மா இருக்கல போல?”

“ஆமாண்ணாச்சி. ஆவுடைக்காக ஒரு சின்ன வேலை.”

“அவளும் கூட நிக்கிறாளே. ஆபத்தில்லையா?”

“கம்பெனில எப்படியோ அப்படியே எல்லாப் பாதுகாப்பும் பண்ணித்தான் செய்யிறேன். திருக்கார்த்திகைக்குள்ள முடிச்சிரணும்.”

கனகசபாபதிக்கு வேர்த்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தெருவில் பத்துப் பிள்ளைகள் விளையாடுகின்றன, தன் பேத்தி கீர்த்திகாவும் அதில் ஒருத்தி. ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, விடிந்ததும் பட்டாசுத் தனித் தாசில்தார் ஆபீசுக்கு ஒரு போன் போட்டுவிட்டார்.

ரெண்டு நாள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த சாயங்காலம், சீரியல் தொடங்குகிற நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. சுகிர்தா என்ற பெண் அதிகாரி இறங்கினார். பின்னால் இரண்டு பேர்.

“இந்த வீட்ல அனுமதி இல்லாம பட்டாசு தயார் பண்றதா தகவல் வந்திருக்கு.”

“எங்க வீட்டுலயா? மேடம், நான் முப்பத்தோரு வருசம் போர்மேன்!”

“அதனாலதான் சார் நேர்ல வந்தோம்.”

முப்பத்தோரு வருசத்தில் ஒரு பொறிகூட விழாமல் காப்பாற்றிய பேர். அவர் சேர்த்துவைத்த சொத்து என்றால் அது ஒன்றுதான். இப்போது தெருவே குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது.

கட்டிலுக்கு அடியில் பாதி மூட்டைக் கரி அகப்பட்டது. “இது எதுக்கு?”

“எர்த்துக்கு.”

“இந்த உப்பு?”

“அதுவும் எர்த்துக்கு. கல்லுப்புதான் மேடம், நாக்குல வச்சுப் பாருங்க.”

“மேல இருக்கிற இடிதாங்கி?”

“ஆன்டெனாவுக்கு. டி.வி. மழையில நிக்காம வரணும்னு.”

“டி.வி. பாக்கவா இவ்வளவும்?” சுகிர்தா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, ஆன்டெனான்னா படம் வரணும். போட்டுக் காட்டுங்க.”

“இதோ!” என்று ராஜபாண்டியன் ரிமோட்டைப் பாய்ந்து எடுத்தார். டிஷ். சிக்னல் இல்லை. “மழைல்ல மேடம், டிஷ் போயிரும். இப்ப பாருங்க.” பட்டனை அமுக்கினார். ஆன்டெனாவிலும் சிக்னல் இல்லை. மறுபடி அமுக்கினார். திரை நீலமாகவே இருந்தது.

“நேத்து வந்துச்சு மேடம்… ஆவுடை, நேத்து வந்துச்சுல்ல?”

ஆவுடைத்தாய் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். சற்று முன்புதான் சன்னலை அடைத்துவிட்டு வந்திருந்தாள்.

மாட்டியவனைக் கூப்பிடுங்கள் என்றார் அதிகாரி. ஊர்க்காவலன் நனைந்துகொண்டு ஓடிவந்தான். “ஆன்டெனாதான் மேடம், என் கையால மாட்டுனது,” என்று அடித்துச் சொன்னான்.

“அப்ப ஏன் படம் வரல?”

ஊர்க்காவலன் ஆவுடைத்தாயைப் பார்த்தான். ஆவுடைத்தாய் தரையைப் பார்த்தாள்.

“சரி சார், ஜீப்ல ஏறுங்க. ஆபீஸ்ல போய் எழுதிக் குடுத்துட்டுப் பேசலாம்,” என்றார் சுகிர்தா.

ராஜபாண்டியன் துண்டைத் தோளில் போட்டார். துண்டு கீழே விழுந்தது. எடுத்து மறுபடி போட்டார்.

“மேடம், ஒரு நிமிசம்,” என்றாள் ஆவுடைத்தாய். “சன்னல்… சன்னலைச் சரியா அடைக்கல.”

விறுவிறுவென்று டி.வி.க்குப் பக்கத்தில் போனாள். சன்னலைத் தொடவேயில்லை. குனிந்தாள், நிமிர்ந்தாள். மாமியார் திரை நிறையத் தெளிவாக வந்து நின்று, மருமகளைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள்.

ராஜபாண்டியன் வாயைப் பிளந்துகொண்டு பட்டனை அமுக்கினார். ஆன்டெனாவிலும் அதே மாமியார், அதே மூக்கு. மறுபடி டிஷ்ஷுக்கு வந்தார். வெளியே மழை கொட்டுகிறது, டிஷ் ஒரு புள்ளிகூட இல்லாமல் ஓடுகிறது.

சுகிர்தா டி.வி.க்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “ரெண்டு வயரையும் நீங்கதான் கழட்டி வச்சிருந்தீங்களாம்மா? ஏன்?”

ஆவுடைத்தாய் புடவைத் தலைப்பைத் திருகினாள். “இடி… இடிக்குப் பயந்துதான் மேடம்.”

வாசலில் நின்ற குடைகளெல்லாம் தலையாட்டின. இந்தப் பக்கத்தில் வானம் உறுமினால் எல்லார் வீட்டிலும் முதல் காரியம் அதுதான். “எங்க வீட்லயும் பிடுங்கிருவோம்,” என்று கனகசபாபதி தானாகவே முன்னால் வந்து சாட்சி சொன்னார். பிறகு ராஜபாண்டியனின் கையைப் பிடித்துக்கொண்டு, “தெருவுல பிள்ளைக இருக்கு, அதான். மனசுல வச்சுக்காத,” என்றார். ராஜபாண்டியனும், “உங்க எடத்துல நான் இருந்தா நானும் போன் போட்டிருப்பேன், அண்ணாச்சி,” என்றார். அது உண்மையும்கூட.

சுகிர்தா மாடிக்குப் போய் ஆன்டெனாவைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்கினார். “இடிதாங்கி ரொம்ப சுத்தமா போட்டிருக்கீங்க சார். இவ்வளவு சரியா போட்ட எர்த்தை நான் பாத்து நாளாச்சு,” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். குடைகள் கலைந்தன. தெரு பழையபடி ஆனது.

ஆவுடைத்தாய் அடுப்படிக்குள் போய்விட்டாள். பணியாரக்கல்லை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. ராஜபாண்டியனும் ஊர்க்காவலனும்தான் கூடத்தில் மிச்சம்.

ராஜபாண்டியனுக்கு நெஞ்சு கரைந்துபோயிருந்தது. முப்பத்தோரு வருசம் இடிக்குப் பயந்துகொண்டு இவள் இந்த வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். தான் அங்கே நாற்பது பேருக்குக் காவல் நின்றபோது இவளுக்கு யார் காவல் நின்றார்கள்? ஒரு நாளாவது அதை நினைத்தோமா? கண் கலங்கியதை ஊர்க்காவலன் பார்த்துவிடக் கூடாதென்று டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஊர்க்காவலா,” என்றார். “பெட்டியில கறுப்பு டேப் இருக்கால?”

“இருக்கு அண்ணாச்சி.”

“இனிமே இடிக்குப் பயமில்லன்னு நான் அவகிட்ட எடுத்துச் சொல்லிக்கிடுறேன். அந்த ரெண்டு வயரையும் டேப் சுத்தி இறுக்கி ஒட்டிரு. யாராலயும் பிடுங்க முடியக் கூடாது. மழையோ புயலோ, அவளுக்கு இந்தப் படம் ஒரு நாளும் நிக்கக் கூடாது. நான் அவளுக்குச் செய்யிறது இது ஒண்ணுதான்லே.”

ஊர்க்காவலன் டேப்பை எடுத்தான். டி.வி.க்குப் பின்னால் குனிந்தான். ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் நிமிர்ந்தான். அடுப்படியைப் பார்த்தான், திரையில் மாமியாரைப் பார்த்தான், கடைசியில் ராஜபாண்டியனைப் பார்த்தான். டேப்பை மறுபடி பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

“இடிக்குப் பயந்தெல்லாம் இல்ல அண்ணாச்சி; மழை அன்னிக்கு நீங்க பழையபடி அடுப்படிக்கு வந்து உக்காருவீகன்னுதான் மதினி வயரைப் பிடுங்குனாக, மழை இல்லாத நாள்லயும் நீங்க கூட நின்னு பேச ஒரு வேலை வேணும்னுதான் என்னய ஆன்டெனா மாட்டச் சொன்னாக.”